முதல் விலா எலும்பு

மனிதருக்கு ஒரு பக்கத்தில் பன்னிரண்டு விலா எலும்புகள் இருக்கும். எனக்கு வலது பக்கத்தில் பதினொன்றுதான். காறை எலும்புக்கு அடியில் ஒளிந்து கிடக்கும் முதலாவது எலும்பை, எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், ஓர் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். நான் விபத்தில் சிக்கவில்லை, எங்கிருந்தும் விழவுமில்லை. பந்து எறிந்தேன், அவ்வளவுதான்.

போன மாதம் தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே நின்றபோது, எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகனும் இப்போது பேஸ்போல் விளையாடப் போகிறானாம். "தம்பி, பந்து எறிஞ்சு ஆரும் சாகிற நிலைமைக்குப் போவினமோ? சும்மா கதைதானே?" என்று கேட்டார். அந்த இடத்தில் நின்று சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எட்டு வயதில் அம்மாவோடு மன்னாரிலிருந்து இங்கே வந்தேன். அப்பா எங்களுக்கு முன்னமே வந்து, நகர ஓரத்துச் சியாகுல்லியில் மந்தரீன் தோடம்பழத் தோட்டங்களில் வேலை செய்துகொண்டிருந்தார். அம்மா, சிஞ்ஞோரா என்று நாங்கள் சொல்லும் ஓர் இத்தாலிய அம்மையாரின் வீட்டில் சமையலும் துப்புரவும். ஒரேத்தோ பகுதியில் நான்காம் மாடியில் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் கிரிக்கெட் விளையாடுவார்கள். எனக்குப் பதினைந்து வயதில், எல்லையிலிருந்து நான் எறிந்த ஒரு பந்து நேரே விக்கெட்டில் வந்து விழுந்ததை, அந்த வழியாகப் போன எங்கள் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் கண்டார். அவர் பெயர் பீனோ. நாயோடு உலாத்த வந்தவர், நாயை மரத்தில் கட்டிவிட்டு வந்து, "அதை இன்னொரு தடவை எறி" என்றார்.

பீனோவின் பேஸ்போல் அணியில், எங்கள் பள்ளியிலிருந்தும் பக்கத்துப் பள்ளிகளிலிருந்தும் சேர்த்த பதினான்கு பேர் இருந்தோம். என்னைப் பந்து எறிபவனாக்கினார். பேஸ்போலில் எறிபவன் ஒரு சின்ன மண்மேட்டில் நின்று, பதினெட்டு மீற்றருக்கு அப்பால் குந்தியிருக்கும் பிடிப்பவனின் கையுறைக்குள் எறிய வேண்டும். கிரிக்கெட் போல ஓடி வர முடியாது. வேகம் முழுவதும் கால், இடுப்பு, தோள், கை என்று உடம்புக்குள்ளிருந்தே வர வேண்டும். வளைத்து எறியலாம், மெதுவாக எறிந்து ஏமாற்றலாம். ஆனால் எல்லாரும் பார்ப்பது நேராக எறியும் வேகப் பந்தைத்தான். அதை அளக்க பீனோவிடம் ஒரு றேடார் கருவி இருந்தது. பந்து கையுறைக்குள் விழுந்த அடுத்த நொடி, அதில் சிவப்பாக ஓர் எண் வரும்.

முதல் நாள் நூற்றுப் பன்னிரண்டு. மணிக்கு அத்தனை கிலோமீற்றர். ஒரு வருடத்தில் நூற்று இருபத்துநான்கு. பிறகு நூற்று முப்பத்தொன்று.

அந்த எண் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அப்பாவுக்கு பேஸ்போலில் ஒரு விதியும் தெரியாது. எண் மட்டும் தெரியும். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே, "இண்டைக்கு எவ்வளவு?" என்று கேட்பார். கூடிய எண் என்றால் பூசைக்கு வருகிற எல்லாருக்கும் அது தெரிந்துவிடும். குறைந்த எண் என்றால் நேரே கைகழுவப் போய்விடுவார். நான் பொய் சொல்லப் பழகியது அங்கேதான். நூற்று இருபத்தேழு வந்த நாளில் நூற்று முப்பது என்பேன்.

எனக்குப் பதினேழு வயதான அந்த வருடம், மார்ச் கடைசியில் வட இத்தாலியின் பேஸ்போல் பயிற்சிப் பள்ளியொன்றிலிருந்து இரண்டு பேர் வந்து சிசிலிப் பையன்களைத் தேர்வு வைத்துப் பார்க்கப்போகிறார்கள் என்று பீனோ சொன்னார். தெரிவானால் அங்கேயே தங்கிப் படித்துக்கொண்டு விளையாடலாம். "நூற்று முப்பத்தைந்து காட்டினால் உன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்" என்றார். அவர் சாதாரணமாகச் சொன்னதுதான். எனக்கு அதற்குப் பிறகு வேறு எதுவும் காதில் விழவில்லை.

பீனோ கிழமைக்கு இரண்டு நாள்தான் என்னை முழு வேகத்தில் எறிய விடுவார். ஒவ்வொரு பந்தையும் எண்ணிக் கொப்பியில் குறிப்பார். அவருக்குத் தெரியாமல் மற்ற ஐந்து நாளும் நான் எறிந்தேன். கைத்தொலைபேசியில் பார்த்த காணொளிகளில், கனமான பந்தை எறிந்து பழகினால் சாதாரணப் பந்து பறக்கும் என்றார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் தூண்டில் சாமான் விற்கும் கடையில் ஈயக்குண்டுகள் வாங்கி, பழைய பந்தொன்றைக் கிழித்து, அவற்றை உள்ளே வைத்துத் தைத்தேன். ஒரேத்தோ ஆற்றங்கரையில் பூட்டிக் கிடந்த ஒரு களஞ்சியத்தின் சுவர்தான் என் பிடிப்பவன்.

முதலில் வலி வரவில்லை. கை பாரமாக இருந்தது, அவ்வளவுதான். வலது கையில் கட்டும் மணிக்கூட்டைக் கழற்றினால் அதன் பட்டி பதிந்த தடம் நெடுநேரம் மறையாமல் கிடந்தது. பிறகு ரீசேர்ட்டின் வலது கை மட்டும் இறுக்கமாக இருந்தது. தசை வளர்கிறது என்று சந்தோசப்பட்டேன். நாலாம் நாள் விரல் நுனிகள் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தன. தோளைச் சுற்றி, நெஞ்சு வரைக்கும், முன்பு இல்லாத நீல நரம்புகள் தெரிந்தன. நீளக் கைச் சட்டை போட்டுக்கொண்டேன். "இந்த வெயிலுக்கை என்ன சட்டை?" என்று அம்மா கேட்டதற்கு, பள்ளியில் குளிர் என்றேன். இப்படி ஒன்பது நாள் மறைத்தேன். தேர்வுக்கு இன்னும் பதினான்கு நாள் இருந்தது.

ஒன்பதாம் நாள் பயிற்சியில் என் முதல் பந்து நூற்று முப்பத்துநான்கு. பையன்கள் கத்தினார்கள். அடுத்தது நூற்று இருபத்தொன்பது. அடுத்தது நூற்று இருபத்தொன்று. ஆறாவது பந்து கையை விட்டுப் போனதே எனக்குத் தெரியவில்லை. பீனோ நடந்து வந்து, என் சட்டைக் கையை மேலே தள்ளினார். கை முழங்கைக்கு மேலே போத்தல் போல வீங்கி, நீலமாக இருந்தது. பெருவிரலால் அமுக்கினார். குழி விழுந்தது, நிரம்பவில்லை.

"எத்தனை நாளாக?"

"இன்றைக்குத்தான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் சின்னக் காரின் கதவைத் திறந்துவிட்டார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் கதிரைகள் நிறைந்திருந்தன. என் நிலைமையைப் பார்த்து ஒரு நிறக் குறியீடு கொடுத்தார்கள். அந்த நிறத்துக்காரர் முன்னுக்குப் போகலாம் என்று பீனோ சொன்னபோது எனக்குப் பயம் வந்தது. எல்லாருக்கும் முன்னுக்குப் போவது அங்கே நல்ல செய்தியில்லை. ஒரு தள்ளுகட்டிலில் படுக்கவைத்து, நடைபாதையில் விட்டார்கள். அம்மா சிஞ்ஞோராவின் வீட்டிலிருந்து சமையல் ஏப்ரனையும் கழற்றாமல் ஓடி வந்தார். என் கையைக் கண்டதும், தொடப் பயந்து, காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குளிர்ந்த பசையைப் பூசி, கருவியை அக்குளிலும் கழுத்தடியிலும் வைத்து இரத்த ஓட்டத்தைப் பார்த்தார்கள். ஓட்டம் இருந்தால் சத்தம் கேட்கும். இடது பக்கம் கேட்டது. வலது பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு நெஞ்சை ஸ்கான் எடுத்தார்கள். பொழுதுபட ஓர் இளம் பெண் மருத்துவர் வந்தார். இரத்தக் குழாய்களுக்கான சத்திரசிகிச்சை நிபுணர். சாப்பாட்டுச் சீட்டொன்றின் பின்பக்கத்தில் படம் வரைந்து விளக்கினார்.

கையிலிருந்து இருதயத்துக்குத் திரும்புகிற பெரிய இரத்தக் குழாய், காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளியால் போகிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கி விசையோடு எறியும் ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு எலும்புகளும் கத்தரிக்கோலைப் போல அதை நெரிக்கின்றன. சிலருக்கு அந்த இடைவெளி பிறப்பிலேயே குறுகல். நெரிபட்டு நெரிபட்டு உள்சுவர் தடித்து, கடைசியில் இரத்தம் அங்கேயே கட்டியாக உறைந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு இப்படி வருவது அபூர்வம், பந்து எறிகிறவர்களுக்கு வரக்கூடியதுதான் என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "கட்டியின் ஒரு துணுக்கு ஏற்கெனவே உன் நுரையீரலின் ஓரத்துக்குப் போயிருக்கிறது. சின்னது. பெரியது போனால் உயிருக்கு ஆபத்து. அம்மாவுக்குச் சொல்" என்றார்.

அம்மாவுக்கு இத்தாலியன் சந்தைக்கும் வீட்டு வேலைக்கும் போதுமான அளவுதான் வரும். குடியிருப்பு அனுமதி, பள்ளிக் கூட்டம், வைத்தியர் என்று எல்லா இடத்திலும் பத்து வயதிலிருந்து நான்தான் மொழிபெயர்ப்பாளன். அன்றைக்கும் அம்மா என் வாயைத்தான் பார்த்தார்.

"என்னவாம் ராசா?"

"கையிலை கொஞ்சம் ரத்தம் உறைஞ்சிருக்காம். மருந்து ஏத்தினால் கரைஞ்சிடுமாம்."

"வேறை?"

"வேறை ஒண்டும் இல்லை."

என்னை இரத்தக் குழாய் நோய்ப் பிரிவில், சிஞ்ஞோர் தானோ என்பவரின் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். வுச்சீரியாச் சந்தையில் மீன் விற்றவர். சர்க்கரை வியாதியால் இரண்டு கால்விரல்களை எடுத்திருந்தார்கள். அந்தப் பிரிவில் இருந்த எல்லாரும் என் அப்பாவைவிட மூத்தவர்கள், எல்லாருக்கும் காலில்தான் நோய். கையோடு வந்தவன் நான் ஒருவன்தான்.

அடுத்த நாள் முழங்கைக்கு மேலே குழாயொன்றை ஏற்றி, அதன் நுனியை உறைந்த கட்டிக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார்கள். அதன் வழியாகக் கட்டியைக் கரைக்கும் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். அது முடியும்வரை, ஒன்றரை நாளுக்கு மேல், நான் அசையக் கூடாது. கையைப் பலகையில் நீட்டிக் கட்டிவிட்டார்கள். அந்த மருந்து உறைந்த இரத்தத்தை மட்டும் தேடிப் போகாதாம், உடம்பில் எங்கே கீறல் இருந்தாலும் இரத்தம் கசியுமாம். அதனால் பல் துலக்கக் கூடாது, சவரம் செய்யக் கூடாது, திரும்பிப் படுக்கக் கூடாது. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம் இரத்தம் எடுத்தார்கள். தாதி வரும்போதெல்லாம் "தலை இடிக்கிறதா? பெயர் சொல்லு. இன்றைக்கு என்ன கிழமை?" என்று கேட்பார். மூளையில் இரத்தம் கசிகிறதா என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வி என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

ஒரு நாளைக்கு நூற்றுக்கு மேல் பந்து எறிந்தவன் நான். இப்போது மூக்கில் அரித்தால் அம்மாவைக் கூப்பிட வேண்டும். கூரையில் ஒரு நீர்க்கறை இருந்தது, அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். மத்தியானங்களில் சன்னல் கதவுகளைச் சாத்திவிடுவார்கள். அந்த அரையிருட்டில், தானோவின் வானொலி முணுமுணுக்க, முதுகு வேர்த்து விரிப்போடு ஒட்டிக் கிடக்க, எழும்பி ஓட வேண்டும் என்று கால்கள் தாமாகவே துடித்தன. ஒரு தடவை அடக்க முடியாமல் கத்திவிட்டேன். தாதி ஓடி வந்தார். "ஒண்டுமில்லை" என்று தமிழில் சொன்னேன். அவருக்கு விளங்காது என்பதே ஞாபகம் இல்லை.

அம்மா சோற்றையும் சொதியையும் பிசைந்து கரண்டியால் தீத்தினார். படுத்தபடி விழுங்கினால் பாதி கழுத்தில் வடியும். துடைத்துவிட்டு மறுபடி தீத்துவார். பிறகு கட்டிலின் கால்மாட்டில் நின்று, என் குதிக்கால்களைக் கைகளில் ஏந்திக்கொண்டிருப்பார். விரிப்பில் உராய்ந்து அவை புண்ணாகி இருந்தன.

"அம்மா, இருங்கோவன்."

"இருந்தால் எட்டாது. நீ கிட."

கட்டி கரைந்தது. கை பழைய நிறத்துக்கு வந்தது. மருத்துவர் படங்களோடு வந்தார். அம்மா கட்டிலருகே நின்றார். இனித்தான் முக்கியமான விசயம் என்றார் மருத்துவர். நெரிக்கிற எலும்பு அங்கேயேதான் இருக்கிறது. முதல் விலா எலும்பை எடுத்தால்தான் குழாய் விடுபடும். எடுக்காவிட்டால் கட்டி திரும்ப வரும், அடுத்த துணுக்கு சின்னதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. வரும் செவ்வாய்க்கிழமை செய்யலாம். எனக்குப் பதினெட்டு ஆகாததால் அம்மாவும் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு பல மாதங்கள் எறியவே கூடாது.

எனக்குள் கணக்கு ஓடியது. தேர்வுக்கு இன்னும் பத்து நாள். நாலு நாளில் வீட்டுக்குப் போனால், ஆறு நாள் இருக்கிறது.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"கட்டி கரைஞ்சிட்டுதாம். இனிக் குளிசை போட்டால் காணுமாம்."

"அவ எவ்வளவு நேரம் கதைச்சவா. நீ இவ்வளவுதான் சொல்லுறாய்."

"இத்தாலிக்காரர் அப்பிடித்தானே அம்மா, நீட்டித்தான் கதைப்பினம்."

பிறகு மருத்துவர் பக்கம் திரும்பி, இத்தாலியனில் சொன்னேன்: "அம்மாவுக்கு விருப்பமில்லை. எங்கள் ஆட்களிடம் உடம்பிலிருந்து எலும்பை எடுக்கிற வழக்கம் இல்லை."

மருத்துவர் படங்களை உறைக்குள் போட்டார். "எங்களிடமும் அந்த வழக்கம் இல்லை, ரொஷான். நாளைக்கு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மொழிபெயர்ப்பாளர் வந்தால் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். எங்கள் ஆட்கள் இந்த ஊரில் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். அன்று பின்னேரம் அம்மா போன பிறகு, காற்சட்டையையும் சப்பாத்தையும் ஒரு கையால் போட்டுக்கொண்டு, மற்றக் கையில் ஊசி ஏற்றிய இடத்தைச் சட்டையால் மறைத்துக்கொண்டு, படிக்கட்டுக்குப் போனேன். எங்கே போவது என்று யோசிக்கவில்லை. இரண்டு மாடி இறங்கியிருப்பேன். நெஞ்சின் வலது பக்கத்தில் கத்தி குத்தியதுபோல மூச்சு நின்றது. படியில் இருந்துவிட்டேன். கீழே வீதிச் சத்தம் கேட்டது. ஸ்கூட்டர்கள், யாரோ யாரையோ திட்டும் சத்தம். வாசல் முப்பது படிக்கு அப்பால்தான். இறங்கினால் செத்துப்போவேன், ஏறினால் பொய்யன் ஆவேன் என்று நினைத்தேன். அங்கேயே இருந்து அழுதேன். பிறகு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, மேலே ஏறினேன். தானோ கண்ணை மூடிக்கொண்டு, "சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படு" என்றார்.

மறுநாள் காலை மொழிபெயர்ப்பாளர் வர முன்னமே அம்மா வந்துவிட்டார். வேலைக்குப் போகவில்லை. மருத்துவர் அறைக்குள் வந்ததும், அம்மா அவருக்கு முன்னால் போய் நின்றார். அம்மா ஒரு வைத்தியரோடு நேரே கதைத்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"டொத்தொரெஸ்ஸா," என்றார். "லா கோஸ்தொலா. தோல்யெரே?"

விலா எலும்பு. எடுக்கிறதா? இரண்டே சொற்கள்தான்.

"ஆம், சிஞ்ஞோரா. எடுக்க வேண்டும்."

"இல் பொல்மோனே?"

நுரையீரல்? மருத்துவர் என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவின் முன்கையைத் தொட்டார். "ஆம். ஆபத்து அங்கேதான்."

அம்மா தலையாட்டினார். "ஃபீர்மா தோவே?" கையெழுத்து எங்கே?

மருத்துவர் தாள்களை எடுக்கப் போனார். அம்மா என் கட்டிலில் வந்து இருந்தார். அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை போல இருந்தது.

"எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"கோஸ்தொலா தெரியாதோ? ஒவ்வொரு ஞாயிறும் சிஞ்ஞோராவுக்கு நான்தானே ஆட்டு விலா சமைக்கிறனான். பொல்மோனே அவவின்ரை பூனைக்கு அவிக்கிறது. தோல்யெரே, தோல்யெரே எண்டு நாள் முழுக்க அதை எடு, இதை எடு எண்டுதானே சொல்லுறவ."

"அப்ப முதல் நாளே விளங்கினதோ?"

"விளங்கினது. நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

ஐந்து நாட்கள். என் குதிக்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரமெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஒரு குழந்தையைப் போல அழுதேன். அம்மா என் தலையைத் தடவினார், ஆனால் "பரவாயில்லை" என்று சொல்லவில்லை. "உனக்கு ஒண்டு நடந்தால், நான் ஆரிட்டை அர்த்தம் கேக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா மத்தியானம் சியாகுல்லியிலிருந்து வந்தார். மந்தரீன் பறிப்பு முடிகிற காலம், முதலாளி விடமாட்டார் என்று தெரிந்தும், கூடையை அப்படியே வைத்துவிட்டு வந்திருந்தார். கையெழுத்துப் போட்டார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, தன் சப்பாத்துச் சேற்றைப் பார்த்தபடி கேட்டார்.

"நான் எவ்வளவு எவ்வளவு எண்டு கேட்டதாலைதானோ, தம்பி?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் நான் அந்தக் கிழமைக்குப் போதுமான பொய்கள் சொல்லிவிட்டேன்.

"அதுவும்தான் அப்பா. நானும்தான்."

அவர் தலையாட்டினார். என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நகங்கள் வளர்ந்து கிடந்தன. தாதியிடம் நகவெட்டி வாங்கி, ஒவ்வொரு விரலாக, தோலில் படாமல் வெட்டினார். கிளை நறுக்கிக் காய்த்துப்போன அந்த விரல்கள் நகத்துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தன.

செவ்வாய்க்கிழமை அக்குளுக்குள்ளால் எலும்பை எடுத்தார்கள். விழித்தபோது விலாவில் ஒரு குழாய், அதன் நுனியில் இரத்தநீர் நிரம்பும் குடுவை. மூச்சை இழுத்தால் ஓரிடத்தில் வந்து நின்றுவிடும், அதற்கு மேல் போகாது. மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்ரிக் கருவியொன்றைத் தந்து, உறிஞ்சி அவற்றை மேலே எழுப்பச் சொன்னார்கள். நுரையீரல் சுருங்காமல் இருக்க அந்தப் பயிற்சி. முதல் நாள் ஒரு பந்துகூட அசையவில்லை. எலும்பு எங்கே என்று கேட்டேன். பரிசோதனைக்கு அனுப்பியாயிற்று என்றார் மருத்துவர். "வுச்சீரியாவில் தந்திருந்தால் சூப்புக்கு விற்றுத் தந்திருப்பேனே" என்றார் தானோ. சிரிக்கப் போய், வலியில் கண்ணீர் வந்தது. இரண்டு நாள் கழித்து அவர் சக்கர நாற்காலியில் எல்லாருக்கும் கத்திக் கத்திக் கையசைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அந்தக் கட்டில் வெறுமையானதும் அறை இன்னும் சிறுத்துவிட்டது போலிருந்தது.

பீனோ வந்தார். தேர்வு நடந்த கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை. கொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"எல்லாம் எண்ணினேன். ஒரு நாளும் அளவுக்கு மேல் எறிய விடவில்லை. எங்கே பிழை விட்டேன் என்று தெரியவில்லை" என்றார்.

நான் சொன்னேன். ஆற்றங்கரைச் சுவர், ஈயக்குண்டுப் பந்து, ஐந்து நாள், ஒன்பது நாள் மறைத்தது, எல்லாம். அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"என்னிடம் வந்து வீங்குகிறது என்று சொல்ல உனக்கு ஏன் முடியவில்லை?"

"சொன்னால் எறிய விடமாட்டீர்கள்."

"விடமாட்டேன்தான்," என்றார். பிறகு, "அந்த முப்பத்தைந்தை நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். தேர்வில் யார் எவ்வளவு எறிந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்று கிழமைக்குச் சற்றுக் குறைவாக அங்கே இருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் விடுதலை வந்ததாகத் தெரியவில்லை. மூன்று மாதம் இரத்தத்தை இளக்கும் குளிசை. ஓடக் கூடாது, விழக் கூடாது. பையன்கள் விளையாடும் சத்தம் நான்காம் மாடிக்குக் கேட்கும். ஆஸ்பத்திரி இயன்மருத்துவர் சொன்னபடி சுவரைப் பார்த்து நின்று, வலது கை விரல்களைச் சிலந்தி போல மேலே ஏற்றுவேன். முதல் கிழமை நெஞ்சுக்கு மேல் ஏறவில்லை. ஓரிரு முறை சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த நாட்களில் கை வீங்குகிறதா என்று மணிக்கு ஒருதரம் பார்ப்பேன். அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஏழு மாதத்துக்குப் பிறகு, ஒன்பது மீற்றர் தூரத்திலிருந்து பீனோவுக்கு ஒரு பந்து எறிந்தேன். அவர் வெறுங்கையால் பிடித்தார். அவ்வளவு மெதுவாக இருந்தது. இப்போது அணியில் மறுபடி எறிகிறேன், ஒரு போட்டியில் இரண்டு சுற்று மட்டும். மெதுவான பந்தை எப்படி மறைப்பது, மட்டைக்காரரின் முழங்காலுக்கு அருகே எப்படி வைப்பது என்று பழகிக்கொண்டிருக்கிறேன். வடக்கிலிருந்து யாரும் என்னைத் தேடி வரவில்லை. அது வலிக்கவில்லை என்று எழுதினால் அது பொய்.

அந்தத் தாய்க்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். கை வீங்கினால், நிறம் மாறினால், அன்றைக்கே போங்கள். மகன் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் சட்டைக் கையைத் தூக்கிப் பாருங்கள்.

ஒரு வருடம் முடிந்து கடைசிப் பரிசோதனைக்குப் போனபோது எனக்குப் பதினெட்டு ஆகிவிட்டது. இனி என் தாள்களில் நான்தான் கையெழுத்து, தனியாகவே வரலாம் என்றார் மருத்துவர். நான் கதவைத் திறந்து, வெளியே இருந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டேன். மருத்துவர் படத்தைத் திருப்பிக் காட்டிப் பேசினார். குழாய் திறந்திருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் சற்றுச் சுருங்கியே இருக்கிறது, அது அப்படியே இருக்கும். திரும்ப அடைபடும் வாய்ப்பு சிறிது, ஆனால் இல்லையென்று இல்லை. நீண்ட பிரயாணம், காயம், வேறு சத்திரசிகிச்சை எது வந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இடது பக்கத்திலும் இடைவெளி குறுகல்தான்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் முதலிலிருந்து தொடங்கினேன். சுருங்கிய இடத்தைச் சொன்னேன், திரும்ப வரலாம் என்பதைச் சொன்னேன், இடது பக்கத்தையும் சொன்னேன். மருத்துவர் பேசியதைவிட நான் பேசியது நீளமாக இருந்திருக்கும். இடையில் தமிழ்ச்சொல் வராத இடத்தில் அம்மாவின் கழுத்தடியைத் தொட்டுக் காட்டினேன்.

"அவ்வளவும்தானோ?" என்றார் அம்மா.

"ஓம் அம்மா. அவ்வளவும்தான்."

அம்மா மருத்துவரைப் பார்த்துத் தலையாட்டி, கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.